வொல்லொங்காங் போனா முதல்ல கொடியைப் பாருங்க

வணக்கம் நேயர்களே. ஆஸ்திரேலியா போயிட்டு வந்ததைப் பத்திப் பேசணும்னு நிலையத்துலேர்ந்து கூப்பிட்டாங்க, சிட்னியைப் பத்திச் சொல்றதுக்கு நிறைய பேர் இருக்காங்க, ஓபரா ஹவுஸ், ஹார்பர் பிரிட்ஜ் எல்லாம் நீங்களே படத்துல பாத்திருப்பீங்க, அதனால நான் சிட்னிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர்ல இருக்கிற வொல்லொங்காங் பத்திதான் பேசப்போறேன். எம்பொண்ணு அங்கதான் இருக்கா, ஜனவரில போய் ஆறு வாரம் தங்கிட்டு வந்தேன். ஜனவரின்னா அங்க நல்ல கோடை, நம்ம ஊர்ல மார்கழி தை குளிர்ல ஸ்வெட்டர் தேடுற நேரத்துல அங்க வெயில் தோலை உரிச்சிடும், சன்ஸ்கிரீன், தொப்பி இல்லாம வெளில இறங்கவே கூடாது.

சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா ஒன்றரை மணி நேரம் போல ஆகும். தனியா டிக்கெட் வாங்கணும்னு இல்ல, கையில இருக்கிற பேங்க் கார்டை மெஷின்ல தட்டிட்டு ஏறலாம், ஆனா இறங்கும்போதும் ஞாபகமா தட்டணும், இல்லேன்னா அதிகபட்ச கட்டணத்தை எடுத்துடுவாங்க. இடது பக்க ஜன்னல்ல உக்காருங்க. பாதி தூரம் வரைக்கும் காடும் பாறையுமாதான் இருக்கும், ஆட்ஃபோர்டு தாண்டி ஒரு சுரங்கப்பாதை வரும், அதுலேர்ந்து வெளில வந்த உடனே கீழ அப்படியே நீலமா கடல் விரியும், ஒரு பக்கம் செங்குத்தா மலை, இன்னொரு பக்கம் கடல், நடுவுல இந்த ரயில். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, அவ்வளவு அழகு.

அந்த வழியிலதான் ஸ்டான்வெல் பார்க்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. லாரன்ஸ் ஹார்கிரேவ்னு ஒருத்தர் 1894 நவம்பர்ல அந்தக் கடற்கரைல பெட்டி மாதிரி பட்டங்களைச் செஞ்சு, நாலஞ்சு பட்டத்தை வரிசையா கட்டி, அதுல தானே தொங்கி ஏறக்குறைய 16 அடி மேல எழும்பினாராம். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903ல, இது அதுக்கும் ஒன்பது வருஷம் முன்னாடி. இன்னைக்கும் மேல பால்ட் ஹில் உச்சிலேர்ந்து கிளைடர்ல பறக்கிறவங்களைப் பாக்கலாம். கொஞ்ச தூரத்துல சீ கிளிஃப் பிரிட்ஜ். முன்னாடி மலையடிவாரத்துல ரோடு இருந்துச்சு, அடிக்கடி பாறை உருண்டு விழுந்ததால 2003ல மூடிட்டாங்க, அப்புறம் மலையை விட்டுத் தள்ளிக் கடலுக்கு மேலயே 665 மீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி 2005ல திறந்தாங்க. ஓரமா நடைபாதை இருக்கு, கார்ல போயிட்டு வந்துடாதீங்க, இறங்கி நடங்க.

அதே ரயில் வழியில இருக்கிற ஹெலன்ஸ்பர்க்னு ஒரு ஊர்ல வெங்கடேஸ்வரா கோயில் இருக்கு, 1985ல கும்பாபிஷேகம் ஆனது, யூகலிப்டஸ் காட்டுக்கு நடுவுல வெள்ளை வெளேர்னு கோபுரம். ஸ்டேஷன்லேர்ந்து கோயில் கொஞ்சம் தள்ளி இருக்கு, அதனால கார் இருந்தா நல்லது.

சரி, இப்ப நான் முக்கியமா சொல்ல வந்ததுக்கு வரேன். கடல்.

நம்மல்ல நிறைய பேருக்குக் கடல்னா கரைல நின்னு கால் நனைக்கிறதுதான், நீச்சல் தெரியாது. அங்க போனா எல்லாரும் குளிக்கிறாங்க, நமக்கும் ஆசை வரும். நான் போன நாலாவது நாள், பேரனைக் கூட்டிக்கிட்டு பீச்சுக்குப் போனேன். ஒரு பக்கம் வெள்ளை வெள்ளையா அலை உடையுது, பக்கத்துல ஒரு இடத்துல அலையே இல்ல, தண்ணி கொஞ்சம் கருப்பா அமைதியா இருக்கு. குழந்தைக்கு இதுதான் பாதுகாப்புன்னு நெனச்சு அங்க இறக்கிட்டேன். முட்டி அளவு தண்ணிதான், ஆனா காலுக்கு அடில மண்ணை யாரோ உருவுற மாதிரி இருக்கு, பிள்ளை கை நழுவுது, அதுக்குள்ள விசில் சத்தம், ஒரு லைஃப்கார்டு பொண்ணு ஓடி வந்து ரெண்டு பேரையும் கரைக்கு இழுத்துட்டா. திட்டல. உக்கார வெச்சு, கடலைக் காட்டிப் பொறுமையா சொல்லிக் கொடுத்தா. அலை உடைஞ்சு கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போக ஒரு பள்ளமான வழி தேடும், அந்த வழிக்குப் பேருதான் ரிப். அங்க ஆழம் ஜாஸ்திங்கறதால அலை உடையாது, அதனாலதான் அமைதியா தெரியுது.

அம்மா, அப்பா, அத்தை, மாமான்னு பிள்ளைங்களைப் பாக்கப் போற எல்லாருக்கும் கெஞ்சிக் கேக்கிறேன், பாதி சிவப்பு பாதி மஞ்சளா ரெண்டு கொடி நட்டிருப்பாங்க, அதுக்கு நடுவுல மட்டும் இறங்குங்க. கொடி இல்லேன்னா அன்னைக்குக் குளியலும் இல்ல. அப்படியும் மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நேரா நீந்தாதீங்க, சக்தியெல்லாம் போயிடும். மிதங்க, ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்க, முடிஞ்சா கரைக்கு இணையா பக்கவாட்டுல, அலை உடையிற பக்கமா போங்க. கரைல நிக்கிறவங்க பின்னாடியே குதிக்காம லைஃப்கார்டைக் கூப்பிடணும், அவங்க யாரும் இல்லேன்னா அங்கத்து அவசர உதவி நம்பர் 000க்கு போன் பண்ணணும்.

இதைக் கேட்டுட்டுப் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். வொல்லொங்காங்ல ரெண்டு கலங்கரை விளக்கம் பக்கத்துப் பக்கத்துல நிக்கும், அதுல துறைமுகத்துல இருக்கிற சின்னது 1871ல கட்டினது, அதுக்குக் கிட்டவே கான்டினென்டல் பூல்னு கடல் தண்ணிக் குளம் இருக்கு, காசே கிடையாது. காலைல என் வயசுக்காரங்க, என்னைவிட மூத்தவங்க எல்லாம் வந்து நீந்துவாங்க. நான் தினமும் போய் ஓரத்துக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு கழுத்தளவு தண்ணில நின்னேன், அறுபத்திரண்டு வயசுல முதல் தடவையா மிதக்கக் கத்துக்கிட்டேன்.

எங்க எதிர் வீட்டு அக்கா அடுத்த மாசம் பையனைப் பாக்க அங்க போறாங்க. நேத்துதான் போன்ல எடுத்து வெச்சிருந்த அந்தக் கருப்புத் தண்ணி போட்டோவைக் காட்டினேன், "இதுல எங்க இறங்குவீங்க?"ன்னு கேட்டேன். நான் அன்னைக்குப் பேரனை இறக்கின அதே இடத்தைத்தான் அவங்களும் காட்டினாங்க. மறுபடி உக்கார வெச்சு முதல்லேர்ந்து சொன்னேன்.