ஞாயிற்றுக்கிழமை வாட்ச்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மலேசியாவின் தெலுக் இந்தானில் இருந்து பேச வந்திருக்கிறேன். கிராமத் தாதியாக வேலை பார்த்து இப்போது ஓய்வில் இருப்பவள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் 'மிஸ்ஸி' என்று கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். நிலையத்தில் இருந்து அழைத்த தம்பி, "உங்க அனுபவத்தைப் பேசுங்க மிஸ்ஸி" என்றார். பிரசவம், தடுப்பூசி, கர்ப்பிணிகளின் சாப்பாடு என்று எதிர்பார்த்திருப்பார் போல. "வாட்ச் பத்திப் பேசலாமாப்பா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

என்னிடம் 31 கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள். ஒன்றுகூட 300 வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல் இல்லை. பாதிக்கு மேல் 100 வெள்ளிக்கும் கீழே. விற்பதற்காக வாங்கவில்லை, பின்னால் விலை ஏறும் என்றும் வாங்கவில்லை. என் வீட்டுக்காரர் புது வாட்சைப் பார்க்கும்போதெல்லாம், "உனக்கு ரெண்டு கைதானே இருக்கு?" என்பார். "ஒரு கையிலதான் கட்டுறேன், இன்னொரு கை சும்மாத்தான் இருக்கு" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும். அவருக்கு மீன் தூண்டில் பைத்தியம். நான் தூண்டில்களை எண்ணுவதில்லை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் தோட்டத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது கித்தாத் தோட்டத்து லயத்தில். ரப்பரைத்தான் கித்தா என்போம், லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு. அங்கே நேரம் எங்கள் கையில் இருந்ததே இல்லை. ஆபீஸ் பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியுமுன் அதை அடித்தால் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, போக வேண்டும். ஆபீஸ் கணக்கரான கிராணி பேர் கூப்பிடுவார், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மர நிரையைப் பிரித்துக் கொடுப்பார், இருட்டிலேயே பால் வெட்டப் போய்விடுவார்கள். குளிர்ச்சி இருக்கும்போதுதான் கித்தா மரத்தில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்பது காரணம். அப்புறம் சங்கு ஊதினால் பால் எடுக்க வேண்டும். பால் வடியும் கிண்ணமான மங்கில் இருப்பதை வாளியில் ஊற்றி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும். அந்தத் தண்டவாளத்தை அடிப்பவருக்கு மணி சொல்ல ஆபீசில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. கையில் வாட்ச் கட்டியவர்கள் துரை, கிராணி, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர், வாத்தியார். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு மணி காதில்தான் விழும்.

1981 தீபாவளிக்கு என் அப்பா ஒரு வாட்ச் வாங்கினார். சீக்கோ 5. அன்றைக்கு அவருடைய மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. "ஏங்க, தண்டவாளம் அடிச்சா எழுந்திருக்கப் போறோம். இது எதுக்குங்க?" என்று மூன்றாம் நாள் கேட்டார். அப்பா பதிலே சொல்லவில்லை. வாட்சைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் காதிலும் வைத்தார்.

வாட்ச் கட்டியிருப்பவர்கள் அதைக் கொஞ்சம் காதில் வைத்துப் பாருங்கள். பேட்டரி வாட்ச் என்றால் நொடிக்கு ஒரு தட்டு கேட்கும். அப்பாவின் வாட்சில் நொடிக்கு ஆறு தட்டு, மணிக்கு 21,600. சின்ன மழை தகரத்தில் பெய்கிற மாதிரி இருக்கும். அதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் முடியாது. உள்ளே அரை வட்டமாக ஒரு எடை சுழலும். கை அசைய அசைய அது சுழன்று சுருளை முறுக்கிக்கொள்ளும். 1963இல் வந்த முதல் மாடலில் இருந்து அந்த '5' என்பது ஐந்து வசதிகளைக் குறிக்கிறது என்பார்கள். தானாக முறுக்கிக்கொள்வது ஒன்று. கிழமையும் தேதியும் ஒரே சன்னலில் தெரிவது, தண்ணீர் புகாதது, திருகு நான்கு மணிப் பக்கம் ஒதுங்கி மணிக்கட்டைக் குத்தாமல் இருப்பது, உறுதியான கூடும் சங்கிலியும் மற்றவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கித்தாப் பால் பட்டால் வாட்ச் பாழாகிவிடும் என்று அப்பா வேலைக்கு அதைக் கட்டமாட்டார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, கோயிலுக்கோ டவுனுக்கோ போகும்போது மட்டும்தான். கை அசையாவிட்டால் அந்த வாட்ச் இரண்டு நாள்கூடத் தாங்காது. அதனால் எங்கள் வீட்டு வாட்ச் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை நின்றுவிடும். ஞாயிறு காலையில் அப்பா அதை எடுத்து மெதுவாக ஆட்டுவார். முள் ஓடத் தொடங்கும். அப்புறம் கிழமையைத் திருகித் திருகி ஞாயிறுக்குக் கொண்டு வருவார். ரேடியோவில் செய்திக்கு முன்னால் வரும் 'பிப்' சத்தத்துக்கு முள்ளைச் சரி செய்வார். அந்தக் கால் மணி நேரம் யாரும் குறுக்கே பேசக் கூடாது. தன் வாழ்க்கையில் அப்பா தானே நேரத்தை நிர்ணயித்த கால் மணி நேரம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

வாங்கி இரண்டு மாதம் ஆனதும் ஒரு பெரிய காரியம் நடந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு தீபகற்பத்தின் நேரத்தையும் ஒன்றாக்கினார்கள். 1981 டிசம்பர் 31, வியாழக்கிழமை இரவு 11.30 அடித்ததும் 12 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் நாட்டில் இல்லாமலே போனது! அப்பா அந்த ஒரு முறைதான் வியாழக்கிழமையில் வாட்சைக் கட்டினார். லயத்து வாசலில் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். 11.30க்கு அப்பா திருகை இழுத்து, பெரிய முள்ளை அரை வட்டம் தள்ளினார். "அந்த அரை மணி நேரம் எங்கண்ணே போச்சு?" என்று பக்கத்து வீட்டுச் சித்தப்பா கேட்டார். அப்பா வாட்சின் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பாட்டி மட்டும் அசரவில்லை. ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் தோக்கியோ நேரம் என்று ஒன்றரை மணி நேரத்தைத் தள்ளி வைத்திருந்தான், சூரியனே எட்டு மணிக்குத்தான் எழுந்தது என்றார். பாட்டி சொன்னது சரிதான்.

அந்த அரை மணி நேரம் பிறகு என் வேலையிலும் குறுக்கிட்டது. பிரசவம் பார்த்தால் நம் வீடுகளில் ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்த கேள்வி, "மிஸ்ஸி, மணி எத்தனை?" என்பதுதானே. ஜாதகம் எழுத வேண்டும். ஒரு லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கிறது, அதில் அரை மணி என்றால் லக்னமே மாறிவிடலாம். இந்த ஊரில் பிறந்தவர்களின் ஜாதகத்தைத் தமிழ்நாட்டில் பார்க்கப் போகிறவர்கள், பிறந்தது 1982க்கு முன்னாலா பின்னாலா என்பதைச் சொல்லிவிடுங்கள். முன்னால் என்றால் கிரீன்விச் நேரத்தோடு ஏழரை மணி கூட்ட வேண்டும், பின்னால் என்றால் எட்டு. எனக்கு ஜாதகத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் தப்பான நேரம் எழுதிக் கொடுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

தாதிக்கு நொடி முள் இல்லாமல் வேலை ஓடாது. நாடி பார்க்க அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். பயிற்சிக்குப் போனபோது வாங்கியதுதான் என் முதல் வாட்ச். சட்டையில் குத்திக்கொள்வது, தலைகீழாகத் தொங்கும். எதிரே நிற்பவருக்குக் கோணலாகத் தெரியும், குனிந்து பார்க்கும் எனக்கு நேராகத் தெரியும். இந்த வசதியை யார் யோசித்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. 35 வெள்ளி கொடுத்தேன். இப்போதும் ஓடுகிறது.

அந்த மலிவு வாட்சுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்ட நாளில்தான் எனக்குப் பைத்தியம் முற்றியது. உள்ளே குவார்ட்ஸ் படிகத்தின் ஒரு துணுக்கு, இசைக்கவை போல வெட்டியது. மின்சாரம் பட்டால் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அதென்ன எண் என்று கேட்பீர்கள். பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து தடவை வகுத்துப் பாருங்கள், சரியாக ஒன்று வரும். உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லு அந்தக் கணக்கைத்தான் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. உலகில் முதன்முதலாகக் கடைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் சீக்கோ அஸ்ட்ரான், 1969 டிசம்பர் 25. விலை 450,000 யென். அந்தப் பணத்துக்கு அன்றைக்கு ஜப்பானில் ஒரு சின்னக் கார் வாங்கலாம். இன்றைக்கு அதே வேலையை நம் பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், 20 வெள்ளி வாட்ச் செய்கிறது. ஆயிரம் ஆயிரமாக விலை போகும் சாவி வாட்சைவிட நேரம் சரியாகவும் காட்டுகிறது. காசு இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் டின்னில் ஆறு கேசியோ இருக்கின்றன. அதில் மூன்று எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்த மாடல், இன்னும் அதே உருவத்தில் விற்கிறார்கள். கட்டியிருப்பதே தெரியாத எடை, ஒரு பேட்டரி ஏழு வருடம் வரும். விளக்கை அழுத்தினால் இடது ஓரத்தில் ஒரு பச்சை மினுக்கு, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்க முடியாது. லீப் வருடமும் அதற்குத் தெரியாது. பிப்ரவரி 28க்கு அடுத்த நாள் மார்ச் 1 என்று அடித்துச் சொல்லும். 2024இல் மூன்றும் ஒரே குரலில் பொய் சொன்னதை உட்கார்ந்து ரசித்தேன். ஆறிலும் மணிக்கொரு தடவை ஒலிக்கும் வசதியைப் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் நாளாக நாளாக இரண்டு நொடி, ஐந்து நொடி என்று விலகிவிடும் அல்லவா, அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு டின்னுக்குள் இருந்து ஒன்றன் பின் ஒன்றாகக் கத்தும். சில்வண்டு மாதிரி. என் வீட்டுக்காரர் டின்னை அரிசி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்.

அப்புறம் சிட்டிசன். 1924இல் முதல் கடிகாரம் செய்தபோது, சாதாரணக் குடிமக்களும் கட்ட வேண்டும் என்று தோக்கியோ மேயராக இருந்தவர் வைத்த பெயராம் அது. பெங்களூரில் 1961இல் எச்.எம்.டி. கடிகாரம் செய்யத் தொடங்கியபோது கற்றுக்கொடுத்ததும் அவர்கள்தான். என் அத்தை மகன் திருச்சி போய் வந்தபோது எச்.எம்.டி. ஜனதா ஒன்று கொண்டு வந்தான். சாவி வாட்ச். காலையில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு முறுக்கினால், தண்ணீர் கொதிக்குமுன் முடிந்துவிடும். என்னிடம் இருக்கும் இன்னொரு சீக்கோவில் கிழமை இங்கிலீஷிலும் அரபியிலும் வரும். அதை அரபியில் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மாக்சிக் என்போம், எழுத்துக்கூட்டி, "இன்றைக்கு ஜும்ஆத்", அதாவது வெள்ளிக்கிழமை, என்று வாசித்துச் சொல்வார். அந்த வாட்சின் முகத்தில் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற எழுத்தில் 'மலேசியா' என்று இருக்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மாக்சிக்கிடம்தான் சொன்னேன்.

வாங்காதது ஒன்றே ஒன்று, போலி. பெரிய பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு 50 வெள்ளிக்குக் கிடைக்கும். பேரில்லாத வாட்சை வாங்குவேன், அடுத்தவன் பேரைப் போட்டதை வாங்கமாட்டேன்.

நம் ஊர் ஈரம் வாட்சுக்கு எதிரி. தோல் பட்டை மூன்று மாதத்தில் பூஞ்சை பிடிக்கும், நைலானோ ரப்பரோதான் சரி. நின்றுபோன வாட்சில் பேட்டரியை விட்டு வைக்காதீர்கள், கசிந்து எல்லாவற்றையும் தின்றுவிடும். '30 மீட்டர்' என்று எழுதியிருந்தால் அதோடு ஆற்றில் இறங்காதீர்கள். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். இதெல்லாம் டவுனில் கடை வரிசை ஐந்தடியில், அதாவது கடை முன் நடைபாதையில், மேசை போட்டிருந்த ஒரு சீனப் பெரியவர் சொல்லிக் கொடுத்தது. அவர் உட்கார்ந்த இடத்தில் இருந்து சாய்ந்த கோபுரம் தெரியும். 1885இல் லியோங் சூன் சோங் என்ற குத்தகைக்காரர் கட்டியது. வெளியே பார்த்தால் எட்டு அடுக்கு, உள்ளே மூன்றே மாடி. மேலே தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், கீழே மண் இளகல், பாரம் தாங்காமல் சாய்ந்தது. அதிலும் ஒரு லண்டன் கடிகாரம் இருக்கிறது. என் வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு, கோபுர மணி அடித்தால் பெரியவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். சரிபார்த்தாரா, பழக்கமா தெரியாது.

அப்பாவின் சீக்கோவை அவர்தான் கடைசியாகச் சுத்தம் செய்தார். பின்மூடியில் இருக்கும் எண்ணைக் காட்டினார். முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், அடுத்தது மாதம். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எண், அக்டோபருக்கு சுழி, நவம்பருக்கும் டிசம்பருக்கும் ஆங்கில முதலெழுத்து. அப்பாவுடையது சுழியும் 'என்'னும். 1980 நவம்பரில் செய்தது. ஆக, அப்பா வாங்குமுன் அது ஏறக்குறைய ஒரு வருடம் எங்கேயோ சும்மா கிடந்திருக்கிறது.

இன்றைக்கு அதைத்தான் கட்டி வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இல்லைதான், இருந்தாலும் பரவாயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பி நேரம் முடிந்துவிட்டது என்று கையைக் காட்டுகிறார். அப்பாவின் வாட்சில் இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது. அவரிடம் காட்டினேன், சிரிக்கிறார். சுவரில் இருப்பதைப் பார்க்கச் சொல்கிறார்.

சரி, வணக்கம்.