மூன்று படம் ஒன்றாகும்போது

நேயர்களுக்கு வணக்கம். ஒரே காட்சியை வெளிச்சம் கூட்டி, குறைத்து, நடுத்தரமாக மூன்று படம் எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்க்கும் எச்.டி.ஆர். முறையைப் பற்றிப் பேசுகிறேன். சேர்த்த படம் கெட்டால் பலரும் மென்பொருளில்தான் குறை தேடுகிறார்கள். குறை பெரும்பாலும் படம் எடுத்த இடத்திலேயே நேர்ந்திருக்கும்.

மொரீஷியஸின் கிழக்குக் கரையிலுள்ள பெல் மார் கடற்கரையில் சவுக்கு நிழலிலிருந்து கடலை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துளையின் அளவு, எஃப் 8. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கடலுக்கு 1/400 நொடி, நடுப்படத்துக்கு 1/100, நிழலுக்கு 1/25. இந்த ஷட்டர் நேரம் மட்டும்தான் மாற வேண்டும். அப்பர்ச்சர் மாறினால் ஒரு படத்தில் தெளிவாக இருக்கும் மரம் இன்னொன்றில் மங்கிவிடும். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி காற்று. கிழக்குக் கரையில் தென்கிழக்குக் காற்று எளிதில் ஓயாது. முதல் படத்தில் ஓரிடத்தில் இருந்த இலை மூன்றாவதில் வேறிடம் போயிருக்கும். சேர்த்தால் ஒரே கிளை இரண்டு மூன்றாக, சாம்பல் நிழலோடு தெரியும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் இந்த இரட்டை உருவத்தை நீக்க டிகோஸ்ட் என்றொரு வசதி உண்டு. அதை எடுத்த எடுப்பிலேயே 'ஹை'யில் வைப்பதுதான் பெரிய தவறு. அசைந்த இடத்தில் மென்பொருள் மூன்றையும் கலக்காமல் ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறது. அது இருண்ட படமாக அமைந்தால் அந்த இடம் மட்டும் புள்ளிபுள்ளியாகிவிடும். அதனால் 'லோ'வில் தொடங்குங்கள். டிகோஸ்ட் ஓவர்லேயைப் போட்டால் எந்தெந்த இடம் மாறுகிறதென்று நிறத்தில் தெரியும். போதவில்லையென்றால் மட்டும் 'மீடியம்'. மறுபடியும் சொல்கிறேன், 'லோ'விலிருந்து தொடங்குங்கள். அதைவிட நல்லது, தொடர் ஷாட்டில் மூன்றையும் படபடவென்று எடுத்துவிடுவது. இடைவெளி குறையக் குறைய இலை நகரும் தூரமும் குறையும்.

சிலருக்கு மெர்ஜே, அதாவது படங்களைச் சேர்ப்பதே, ஆகாது. அடாப்டர் போட்டுப் பழைய மேனுவல் லென்ஸில் எடுத்தால் அப்பர்ச்சர் எண் படத்தில் பதிவாகாது. அது இல்லாமல் லைட்ரூம் மறுத்துவிடலாம். படத்தோடு பதிவான விவரங்களைத் திருத்தும் எக்சிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு மூன்று படத்துக்கும் ஒரே எஃப் எண்ணைப் பதித்துவிட்டு மீண்டும் முயலுங்கள். எண் ஒன்றாக இருந்தால் போதும்.

தைப்பூசக் காவடி ஊர்வலத்துக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம். நடக்கிறவர்களை மூன்று முறை எடுத்துச் சேர்ப்பதில் பயனில்லை. வெளிச்சமான பகுதி வெளுக்காதபடி ஒரே ரா படம், அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு, எடுங்கள். நிழலைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். கோயில் மண்டபத்துக்குள்ளிருந்து வெயில் முற்றத்தை எடுப்பதானால் ட்ரைபாடில் ஐந்து படம்வரை தேவைப்படும்.

நேரம் ஆகிவிட்டது. சேர்த்த படத்தில் மலை விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் விழுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைட்ரூமில் வெளிச்சப் பகுதியையும் நிழல் பகுதியையும் மாற்றும் ஹைலைட்ஸ், ஷேடோஸ் இரண்டையும் கடைசிவரை இழுக்காதீர்கள். பாதியில் நிறுத்தி, விளிம்புகளை அழுத்தமாக்கும் கிளாரிட்டியையும் குறைத்து, விளிம்பை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். வணக்கம்.