பறிக்காமல் விட்ட தக்காளி

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். "நுண்ணினப் பொருளியலின் அடிப்படைகள்" என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். தனி ஒரு விவசாயியோ கடையோ குடும்பமோ எப்படி முடிவெடுக்கிறது என்று பார்க்கிற பாடம் அது. அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். வெளியே மழை பெய்வதும் ஒரு காரணமாக இருக்கலாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடத்தை நடத்தியவன் என்பதால், இன்றைக்குக் கரும்பலகைப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்துதான் வந்தேன். ஒரே ஒரு கணக்கு மட்டும் போடுவேன். அதற்கு மன்னிக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி இருக்கிறார். ஒரு நாள் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். செடி முழுக்கத் தக்காளி. பழுத்து, வெடித்து, கீழே விழுந்து, மண்ணெல்லாம் சிவப்பு. பறிக்க ஆளில்லை. நான் பதறிப்போய், "என்னங்க, இப்படி விட்டுட்டீங்க?" என்றேன். அவர் பதறவில்லை. "பறிச்சா இன்னும் நட்டம் சார்" என்றார்.

இந்தப் படத்தை நாம் எல்லோரும் செய்தித்தாளில் பார்த்திருக்கிறோம். தக்காளியைச் சாலையில் கொட்டுவார்கள், "விலை இல்லாத விரக்தியில்" என்று கீழே எழுதியிருக்கும். விரக்தி உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவு விரக்தியில் எடுத்த முடிவு இல்லை. சுத்தமான கணக்கு.

பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. 14 கிலோ பெட்டி ஒன்று மண்டியில் 50 ரூபாய்க்குப் போகிறது. பறிப்புக் கூலி 20, வண்டி வாடகை 20, ஏற்றி இறக்க 10, மண்டி கமிஷன் பத்துக்கு ஒன்று என்று 5. மொத்தம் 55. ஒவ்வொரு பெட்டிக்கும் கையிலிருந்து 5 ரூபாய் போகிறது. எனவே பறிக்கக் கூடாது. இதுவரை சுலபம்.

இனி, பெட்டி 80 ரூபாய் போகிறது என்று வையுங்கள். கமிஷன் 8 ஆகும், செலவு 58. கையில் 22 நிற்கிறது. ஆனால் நாற்று, உரம், மருந்து, குச்சி, கயிறு என்று பெட்டிக்கு 60 ரூபாய் ஏற்கெனவே போட்டிருக்கிறார். அதையும் சேர்த்தால் செலவு 118. விற்பது 80. பெட்டிக்கு 38 ரூபாய் நட்டம். பறிக்கலாமா, கூடாதா?

(முன்வரிசையில் சிலர் "கூடாது" என்றார்கள்.)

பறிக்கத்தான் வேண்டும். பறித்தால் 38 ரூபாய் நட்டம், பறிக்காவிட்டால் 60 ரூபாய் நட்டம். போட்ட 60 ரூபாய் இரண்டு பக்கமும் போனதுதான். இன்றைக்கு அவர் முன்னால் நிற்கும் கேள்வி, இன்னும் ஒரு பெட்டி பறித்தால் எவ்வளவு போகும், எவ்வளவு வரும் என்பது மட்டுமே. இதைப் பாடப்புத்தகம் இறுதிநிலைச் செலவு, இறுதிநிலை வருவாய் என்று சொல்லும். போன 60 ரூபாயை மூழ்கிய செலவு என்று சொல்லும். நான் வேறு மாதிரி சொல்வேன்: நாற்று நடுவதற்கு முந்தின நாள் வரை அந்த 60 ரூபாய்க்கு உயிர் இருக்கிறது. நடலாமா வேண்டாமா என்ற முடிவில் அதற்கு ஓட்டு உண்டு. நட்ட பிறகு அதற்கு ஓட்டுரிமை கிடையாது.

இதை அந்த விவசாயிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தருகிற எனக்குத்தான் தெரியவில்லை. என்னிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. மாசம் ஒரு செலவு வைக்கும். விற்றுவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம், "போன மாசம்தானே 4,000 ரூபாய் செலவு பண்ணோம், இப்போ போய் விக்கிறதா?" என்று தோன்றும். அந்த 4,000-ஐக் காப்பாற்ற அடுத்த மாதம் 3,000. மெக்கானிக் தம்பி ஒருநாள், "சார், நீங்க எக்கனாமிக்ஸ் வாத்தியாராமே?" என்று கேட்டான். வேறொன்றும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் வாழ்ந்த டேனியல் கானமன் ஓர் உளவியலாளர். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002-இல் வாங்கினார். அவரும் அவருடைய நண்பர் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதிய கட்டுரை, நம்மைப் போன்ற ஸ்கூட்டர்காரர்களுக்காகவே எழுதியது போல இருக்கும். நூறு ரூபாய் கிடைத்தால் வருகிற சந்தோஷத்தைவிட, நூறு ரூபாய் தொலைந்தால் வருகிற வலி பெரியது. அதனால் நட்டத்தை ஒப்புக்கொள்ள மனசு வராமல், இன்னும் கொஞ்சம் பணத்தை அதன் மேலேயே கொட்டுகிறோம். பிஸ்கட் கம்பெனிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை ஆறு ரூபாய் ஆக்க மாட்டார்கள். உள்ளே இரண்டு பிஸ்கட்டைக் குறைப்பார்கள்.

சரி, விலை ஏன் அப்படி விழுந்தது? 2023-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தக் கோடையில் தக்காளிக்கு விலையே இல்லை. பல ஊர்களில் விவசாயிகள் பாதியிலேயே தோட்டத்தை விட்டார்கள். கூடவே வெயிலும் மழையும் விளைச்சலைக் கெடுத்தன. ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் மறுபடி சரிந்து, விவசாயி கைக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய்கூட வராத நிலை. ஒரே வருஷத்துக்குள் இத்தனை ஏற்ற இறக்கம்.

காரணம் காலண்டரில் இருக்கிறது. நாற்று விட்டுப் பிடுங்கி நட்டுப் பறிப்புக்கு வர ஏறக்குறைய மூன்று மாதம். விவசாயி முடிவெடுப்பது இன்றைய விலையைப் பார்த்து, விற்பது மூன்று மாதம் கழித்து வரும் விலைக்கு. இன்றைக்கு விலை ஏறியிருந்தால் எல்லோரும் நடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்க்கிறது, விலை விழுகிறது. விழுந்ததைப் பார்த்து எல்லோரும் விடுகிறார்கள், மறுபடி ஏறுகிறது. இந்த ஆட்டத்தை வரைபடத்தில் போட்டால் கோடு சுற்றிச் சுற்றி வந்து சிலந்தி வலை மாதிரி இருக்கும். நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளியலாளர் 1934-இல் அப்படியே பெயர் வைத்துவிட்டார்: சிலந்தி வலைக் கோட்பாடு.

இதில் நம் பங்கும் உண்டு. தக்காளி கிலோ பத்து ரூபாய் என்பதற்காக யாரும் ரசத்தை அண்டாவில் வைப்பதில்லை. நூறு ரூபாய் என்றாலும் அடியோடு விடுவதில்லை, கொஞ்சம் குறைத்துக்கொண்டு புளியைக் கூட்டுகிறோம். விலை எவ்வளவு ஆடினாலும் வாங்குகிற அளவு அவ்வளவாக ஆடாது. தேவை நெகிழ்ச்சி குறைவு என்பது இதுதான். அதனால்தான் சந்தைக்கு வருகிற சரக்கில் சின்ன மாற்றம் வந்தாலும் விலை குதிக்கிறது.

அந்த ஜூலையில் நான் சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. வரிசையில் போய் நின்றேன், ஒரு மணி நேரம் ஆனது. வெளியில் விலை நூறு, ஆக நாற்பது ரூபாய் லாபம் என்று பெருமையாக வந்தேன். வழியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாவிடம் சொன்னேன். "நான் ஒரு மணி நேரம் கடையைப் பூட்டினா ஒரு ஜாக்கெட் போயிடும் சார். எனக்கு நூறு ரூபாய் தக்காளிதான் மலிவு" என்றார். வாய்ப்புச் செலவை நான் வகுப்பில் இவ்வளவு அழகாகச் சொன்னதே இல்லை. தக்காளிக்குக் கொடுக்கும் விலை பையிலிருந்து போகிற பணம் மட்டுமில்லை. அந்த நேரத்தில் செய்யாமல் விட்டது எதுவோ, அதுவும் விலையில் சேர்த்தி. என் ஒரு மணி நேரத்தில் நான் விட்டது சீரியல் ஒன்று.

இப்போது கடலுக்குப் போவோம். 1997 ஜனவரி 14. கேரளத்தில் வடகரைக் கடற்கரை. பதினொரு படகுக்காரர்கள் மத்தி மீனோடு கரைக்கு வந்தார்கள், வாங்க ஆளில்லை. அதே காலையில், பதினைந்து கிலோமீட்டருக்குள் இருந்த கடற்கரைகளில் மீன் வாங்க வந்த இருபத்தேழு பேர் மீன் கிடைக்காமல் வெறும் கையோடு திரும்பப் பார்த்தார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கேயும் டீசல் போட்டு வந்த செலவு மூழ்கிய செலவுதான். அடுத்த கரைக்குப் போகலாமே என்றால் அதற்கும் டீசல் வேண்டும், போய்ச் சேர்வதற்குள் சந்தை கலைந்துவிடும், அங்கே ஆள் இருப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. மீனைக் கடலில் கொட்டினார்கள்.

அந்த வருஷம்தான் அந்தப் பக்கம் செல்போன் வர ஆரம்பித்தது. கரையோரக் கோபுரங்களின் சிக்னல் கடலுக்குள்ளும் இருபது கிலோமீட்டருக்கு மேல் எட்டியது. படகிலிருந்தே நாலு கரைக்குப் போன் போட்டு விலை கேட்டார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர் லாபம் 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவர் கொடுத்த விலையோ 4 சதவீதம் இறங்கியது. இருவருக்கும் லாபம் என்பது எப்படி என்று கேட்பீர்கள். கடலில் கொட்டிய மீன் இருக்கிறதே, அதிலிருந்து வந்த லாபம் அது.

அப்படியானால் தக்காளிக்காரர் கையிலும் போன் இருக்கிறதே, அவர் ஏன் இன்னும் கொட்டுகிறார்? இதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மீனவருக்கு முடிவும் விற்பனையும் ஒரே காலையில். அவருக்கு வேண்டிய தகவல் அடுத்த கரையில் இருந்தது, போன் கொண்டுவந்து கொடுத்தது. விவசாயிக்கு வேண்டிய தகவல் மூன்று மாதத்துக்கு அப்பால் இருக்கிறது. அங்கே எந்தக் கோபுரமும் எட்டாது. இன்றைய விலையை அவருக்கு எவ்வளவு வேகமாகச் சொல்கிறோமோ, அவ்வளவு வேகமாக எல்லோரும் ஒன்றாக நடுவார்கள். தகவல் பெருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களிடம் எனக்கு உள்ள சண்டை இதுதான்.

நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு மாதம் கழித்து மறுபடி போனேன். தக்காளிக் காட்டில் ஆடுகளை விட்டு மேய்த்திருந்தார். செடியும் பழமும் காலி, தரையெல்லாம் புழுக்கை. "அடுத்து என்ன போடப்போறீங்க?" என்றேன்.

"எல்லாரும் தக்காளியை விட்டுட்டு வெண்டைக்கும் மக்காச்சோளத்துக்கும் போறாங்க சார். அதான் மறுபடி தக்காளியே போடலாமான்னு பார்க்கிறேன்" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரும் வரப்பில் நின்று தன் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன யோசித்தார் என்று நான் கேட்கவில்லை.