சன்னலோர இருக்கையும் சாரஸ் கொக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

அரிய பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் அடர்ந்த காட்டுக்குள்தான் போக வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நம் நாட்டில் அருகிவரும் பறவைகளில் பல, காட்டுப் பறவைகளே அல்ல. வயலும் புல்வெளியும் ஆற்று மணல் திட்டும்தான் அவற்றுக்கு வீடு. இருப்புப்பாதையும் அந்தச் சமவெளியை ஊடுருவித்தான் செல்கிறது. அதனால் பகல் நேர ரயிலின் சன்னலோர இருக்கையைப் பறவை நோக்குவதற்கு உகந்த இடமாகவே நான் கருதுகிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் டூண்ட்லாவிலிருந்து எட்டாவா வழியாகக் கான்பூர் செல்லும் பாதையை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் அங்கே பயணம் செய்கிறவர்கள் சாரஸ் கொக்கைத் தேட வேண்டும். பறக்கும் பறவைகளில் உலகிலேயே உயரமானது அதுதான். நிமிர்ந்து நின்றால் 1.8 மீட்டர் வரை இருக்கும். உடல் சாம்பல் நிறம். தலையும் கழுத்தின் மேற்பகுதியும் நல்ல சிவப்பு. பெரும்பாலும் ஜோடியாகவே மேயும். ரயில் எவ்வளவு வேகமாகப் போனாலும் இந்த உருவத்தை வேறொன்றாக நினைக்க வழியில்லை.

தண்டவாளத்தை ஒட்டி இவ்வளவு நீர்ப்பறவைகள் ஏன் என்று கேட்கலாம். பாதைக்குக் கரை எழுப்ப அந்தக் காலத்தில் பக்கத்து நிலத்திலேயே மண் வெட்டினார்கள். வெட்டிய பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன. மழை பெய்தால் அவை ஆழமற்ற குட்டைகளாகிவிடும். கோரையும் அல்லியும் முளைக்கும். தவளையும் நத்தையும் பெருகும். எந்த வரைபடத்திலும் பெயரில்லாத இந்தக் குட்டைகள் சாரஸுக்குப் போதும்.

கூட்டையும் அது தண்ணீர் நடுவில்தான் கட்டும். நெல் வயலிலோ குட்டையிலோ நீர்ச்செடிகளையும் வைக்கோலையும் பெரிய மேடாகக் குவித்து, வழக்கமாக இரண்டு முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். ஒரு கூட்டுக்கு எத்தனை நாற்று பாழாகும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படியிருந்தும் அதைக் கலைக்காமல் சுற்றிலும் வேலை செய்கிற விவசாயிகள் அங்கே இருக்கிறார்கள். சாரஸ் பிழைத்திருப்பதில் சரணாலய வேலிகளைவிட இவர்களுக்குத்தான் பெரும் பங்கு என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னையிலிருந்து டெல்லி செல்லும் பாதையில் மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் இடையே சம்பல் ஆற்றுப் பாலம் வருகிறது. அங்கே கீழே பாருங்கள். மேலே கறுப்பு, கீழே வெள்ளை, ஆரஞ்சு நிற அலகு. இப்படியொரு பறவை தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தால் அது இந்தியன் ஸ்கிம்மர். கீழலகு மேலலகைவிட நீளமானது. அதை நீரில் அமிழ்த்தியபடியே பறந்து மீன் பிடிக்கும். கோடையில் ஆற்றின் நடுத்திட்டுகளில் முட்டையிடும். ஆற்றில் நீர் மிகவும் குறைந்தால் திட்டு கரையோடு சேர்ந்துவிடுகிறது. நாய்கள் எளிதாக நடந்து வந்து முட்டைகளைத் தின்றுவிடுகின்றன. பாலத்தைக் கடக்கும் சில நொடிகளில் கண்ணில் படுவது அரிது. ஆனாலும் பகலில் கடக்கும் ரயிலையே தேர்ந்தெடுங்கள்.

ஜோத்பூரிலிருந்து ராம்தேவ்ரா, போக்ரான் வழியாக ஜெய்சால்மர் செல்லும் பாதை கானமயில் என்ற அரிய புல்வெளிப் பறவையின் நாடு. ரயிலிலிருந்து அதைக் காண்பீர்கள் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். எஞ்சியிருப்பவை அத்தனை சொற்பம். ஆனால் அதன் ஆபத்தைச் சன்னலிலிருந்தே பார்க்கலாம். புல்வெளிக்குக் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பிகள் செல்கின்றன. உடல் கனத்த பறவை அது. நேர் எதிரே உள்ளதைப் பார்க்கும் திறன் குறைவு. கம்பி கண்ணுக்குத் தெரியும்போது விலக முடிவதில்லை. இந்த மின்கம்பி ஆபத்து பற்றிய வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது.

இனி, பார்க்கும் முறை. குளிர்சாதனப் பெட்டியின் கண்ணாடி நிறங்களை மங்கச் செய்யும். திறந்த சன்னலே நல்லது. கதவருகே நிற்கவே கூடாது. வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வடக்கே போகும் ரயிலில் காலையில் இடப்பக்கம் உட்காருங்கள். அருகில் ஓடும் புதர்களைப் பார்க்காதீர்கள், கண்தான் வலிக்கும். இருநூறு மீட்டருக்கு அப்பால் பார்வையைப் பதித்தால் நிலம் மெதுவாக நகரும். பைனாகுலர் எட்டு மடங்கு போதும். பத்து மடங்கு என்றால் ஆட்டத்தில் உருவம் நிற்காது. விரைவு ரயிலைவிடப் பாசஞ்சர் வண்டி நமக்கு உதவும். சிக்னலுக்காக அது வயல்வெளியில் நிற்கும் நேரம் வேறு எதிலும் கிடைக்காது.

பார்த்ததைக் குறிப்பதுதான் முக்கியம். மின்மயமான பாதைகளில் ஒவ்வொரு கம்பத்திலும் எண் எழுதியிருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டரில் அது எத்தனையாவது கம்பம் என்ற வரிசை. பறவை, எண்ணிக்கை, நேரம், கம்ப எண், எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் சிக்னல் இல்லாவிட்டாலும் இடம் தவறாது. பிறகு பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யலாம். முழுப் பயணத்தையும் ஒரே பட்டியலாக்காமல், சில கிலோமீட்டருக்கு ஒரு பட்டியலாகப் பிரியுங்கள். அப்போதுதான் எந்தக் குட்டையில் எந்தப் பறவை என்பது ஆய்வாளருக்குத் தெரியும். மழைக்கால முடிவில் சாரஸ் ஜோடியோடு செம்பழுப்பு நிறக் குஞ்சு தென்பட்டால் அதைத் தனியே குறிப்பிடுங்கள். அந்த ஆண்டு அந்த வயலில் கூடு பிழைத்தது என்பதற்கு அதுவே சான்று.

வணக்கம்.