பொங்குவது முற்றத்தில்

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அவர்களே, வெயில் தாழ்ந்ததும் பாய் விரித்து இடம்பிடித்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறைக்குக் குடும்பம் கூடும்போது நலமும் மகிழ்ச்சியும் பெருகுவது பந்தியிலா, முற்றத்திலா? இதுதான் இன்றைய கேள்வி. பந்தி என்றால் இலை போட்டு உண்ணும் விருந்து. முற்றம் என்றால் அந்த இலைக்கு முன்பும் பின்பும் வீட்டார் கூடிச் செய்கிற எல்லாம்: கோலம், அடுப்பு, ஆட்டம், பேச்சு, ஆற்றங்கரை. நான் முற்றத்தின் பக்கம் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் உருக்கமாகப் பேசினார். வரிசையாக இலை போட்டு உட்கார்ந்தால் பழைய பகையும் கரையும் என்றார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்கள், ஆண்டுக்கு மூன்று நாள் வயிறார உண்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்றார். கைதட்டல் கிடைத்தது. நடுவர் அவர்களே, அந்தப் பழமொழி மூன்று நாளும் உண்ணுங்கள் என்று சொல்லவில்லை. விருந்தையும் மருந்தையும் ஒரே தராசில் வைத்து, இரண்டுக்கும் அளவு உண்டு என்று சொல்கிறது.

முதலில் இந்தப் பண்டிகையையே பாருங்கள். பொங்கல் பானை எங்கே ஏறுகிறது? சமையலறையில் ஏற்றுவதில்லை. முற்றத்தில் அல்லது வாசலில், கிழக்கு பார்த்து, மூன்று கல் கூட்டி, கோலத்தின் நடுவே ஏற்றுகிறோம். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டுகிறோம். புகை கண்ணைக் கரிக்க, தாத்தா முதல் கைக்குழந்தை வரை சுற்றி நின்று காத்திருக்கிறோம். பால் விளிம்பு தாண்டி வழியும் அந்த ஒரு நொடியில் "பொங்கலோ பொங்கல்" என்று கூவுகிறோம். அன்று எதிர்ப்படுகிறவர்கள் ஒருவரை ஒருவர் என்ன கேட்கிறார்கள்? "சாப்பிட்டீர்களா" என்றா? "பால் பொங்கியதா?" என்றுதான் கேட்கிறார்கள். முற்றத்தில் நடந்ததைத்தான் கேட்கிறார்கள்.

இனிப் பந்திக்கு வருகிறேன். பந்தியில் என்ன நடக்கிறது என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். தலை குனிந்திருக்கிறது. கண் இலையில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் ஐந்து ஆண்டு கழித்து வந்த அக்காள் மகனாக இருந்தாலும், ரசம் வந்துவிட்டது, சாதத்தில் குழி பறிக்க வேண்டும். பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது. கால் மணி நேரத்தில் இலையை மடித்து எழுந்துவிடுகிறோம். பகை கரைவதற்கு அந்தக் கால் மணி போதுமா?

எங்கள் வீட்டுப் பந்தியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பெரியப்பாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று ஆண்டுகளுக்கு முன், பொங்கலன்று மதியம், மூத்தவர் என்று அவரை வரிசையின் தலைமாட்டில் உட்காரவைத்தோம். சர்க்கரைப் பொங்கலுக்குக் கரண்டி இறங்கும்போது "போதும்மா" என்று இலையின் மேல் குறுக்கே கையை வைத்தார். ஒரு கை அவருடைய விரல்களை அன்பாக விலக்கியது, இன்னொரு கை கரண்டியைக் கவிழ்த்தது. இரண்டும் என்னுடைய கைகள். "பண்டிகை நாள், ஒரு கரண்டிதானே பெரியப்பா" என்றேன். எனக்குப் பிறகு பாயசம் வந்தது, அதிரசம் வந்தது, கொண்டுவந்த ஒவ்வொருவரும் என்னைப் போலவே அன்பாக வற்புறுத்தினார்கள். அன்று இரவு அவருக்குத் தலை சுற்றி, நாக்கு வறண்டு, பேச்சுக் குழறியது. மாட்டுப் பொங்கலை எங்கள் குடும்பம் ஒரு மருத்துவமனையின் மரப்பெஞ்சில் கொண்டாடியது. அவர் தேறி வந்தார். ஆனால் அந்தக் கரண்டியின் கனம் இன்றும் என் கையில் இருக்கிறது.

அதன் பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கால் கிலோ அரிசிக்கு அரை கிலோ வெல்லம். பத்துப் பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 50 கிராம். சராசரி உணவு உண்ணும் ஒருவர் நாள் முழுவதற்கும் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஏறக்குறைய அந்த 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதில் பாதியாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லமும் இந்தக் கணக்கில் அடக்கம். அதிரசத்தைத் தொடும் முன்பே நாள் முழுவதற்குமான அளவு முடிந்துபோகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். நோயின் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். எந்தப் பந்தியில் எந்த வரிசையை எடுத்தாலும் அதில் ஒரு பெரியப்பா உட்கார்ந்திருப்பார். "ஒன்றும் ஆகிவிடாது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எதிரணித் தலைவர் "குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து" என்றார். குடும்பமே உட்கார்ந்தால் பரிமாறுவது யார்? எங்கள் சித்தி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்திரண்டு ஆண்டுகள். ஒரு நாளும் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. பெரியப்பா வீடு திரும்பிய வாரத்தில் பழைய பொங்கல் படங்களை எடுத்துப் பார்த்தோம். எல்லோரும் இருந்தார்கள், சித்தி மட்டும் எதிலும் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் சாம்பார் வாளியைப் பிடித்த ஒரு கை தெரிந்தது. வளையலை வைத்துத்தான் அது சித்தி என்று கண்டுபிடித்தோம். அந்தப் படம் எங்கள் எல்லோரையும் கொஞ்ச நேரம் பேசவிடாமல் செய்தது.

அடுத்த பொங்கலுக்கு விருந்தைப் பாதியாகக் குறைத்தோம். இனிப்பு ஒன்று, வெண்பொங்கல், வடை, மொச்சையும் பரங்கியும் அவரையும் சர்க்கரைவள்ளியும் போட்ட கூட்டு, அவ்வளவுதான். பாயசமும் அதிரசமும் இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. ஏனென்றால் சமையலின் பாதி வேலை முற்றத்துக்கு வந்துவிட்டது.

மொச்சை உரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். முதல் நாள் மாலை சாக்கை விரித்து இரண்டு படி மொச்சைக்காயைக் கொட்டினோம். சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்தோம், அதில் நான்கு பேர் ஆண்கள். நகத்தால் நுனியைக் கீறி, காயைப் பிளந்து, கொட்டையைத் தட்டில் தள்ள வேண்டும். புழு இருந்தால் ஒதுக்க வேண்டும். கண்ணுக்கு அதிக வேலை இல்லை, கை தானாகச் செய்யும். அப்படிக் கை மும்முரமாக இருக்கும்போதுதான் மனிதருக்கு வாய் திறக்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பதினான்கு வயது அக்காள் மகன், தட்டைப் பார்த்துக்கொண்டே, விடுதியில் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொன்னான். யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். பக்கத்திலிருந்த பெரியப்பா உரிப்பதை நிறுத்தாமல், ராணுவத்தில் சேர்ந்த முதல் மூன்று மாதம் தானும் தூங்கவில்லை என்றார். அதை அவர் எங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை. பந்தியில் இது நடந்திருக்குமா? "கூட்டு இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்பதற்கு மேல் பந்தியில் பேச்சு வளர்வதில்லையே!

மதிய உணவு முடிந்ததும் உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்று பாயைத் தேடுகிறோம். அந்தப் பாயைத்தான் நான் மறிக்கச் சொல்கிறேன். உண்டபின் காலாறப் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால், தசைகள் இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. உண்ட பிறகு அது ஏறும் அளவு குறைகிறது. எங்கள் ஊருக்குக் காவிரி பக்கம். மேட்டூர் அணையிலிருந்து ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம் என்பதால், தை பிறக்கும்போது பெரும்பாலும் ஆற்றில் நீர் இருக்கும். பெரியப்பாவைப் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரை வரை போனார்கள். மறுநாள் காலை மஞ்சள் இலை விரித்துக் காக்கைக்கும் குருவிக்கும் கனுப்பிடி வைத்த பெண்கள், உடன்பிறந்தவர்கள் நலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். எனக்கு வேண்டுதலின் நடுவே பெரியப்பாவின் முகம்தான் வந்தது.

காணும் பொங்கலன்று மாலை முற்றத்தில் சுண்ணக்கட்டியால் தாயக்கட்டம் வரைந்தோம். கைபேசிகளை ஒரு சொளகில் போட்டுத் திண்ணையில் வைத்தாயிற்று. வைக்கச் சொன்னதும் பிள்ளைகள்தான், பெரியவர்கள் முதலில் தயங்கினார்கள். ஓரத்தில் பாட்டி பல்லாங்குழியின் பதினான்கு குழிகளிலும் புளியங்கொட்டையை நிரப்பி, கொள்ளுப் பேத்திக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைக்குக் கூட்டல் வந்தது அந்தப் பலகையில்தான்.

தாயத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. பெரியப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "வாம்மா, பாத்திரம் எங்கும் ஓடிவிடாது" என்று குரல் கொடுத்தார். சித்தி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தார். தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்தில் இறங்கும். ஏழு சுற்று அவருக்கு விழவில்லை. எட்டாம் சுற்றில் பித்தளைக் கட்டைகள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, வளையல் குலுங்க உருட்டினார். ஒன்று வெறுமையாக நின்றது, மற்றது ஒரு புள்ளியோடு நின்றது. இருபத்திரண்டு ஆண்டில் முதல் முறையாக அந்த வீட்டு முற்றத்தில் சித்தி "தாயம்!" என்று கத்தியதைத் தெருவே கேட்டது. நன்றி, வணக்கம்.