ஐந்து பெனிக் காசு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இந்த வாரம் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, பேர்லினில் நான் பார்த்துவந்த ஓர் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கிழக்கு ஜேர்மனி என்று நாம் சொல்லிப் பழகிய அந்த நாட்டில், சோசலிச ஆட்சியில் சாதாரண மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காட்டும் இடம் அது. அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அந்த நாட்டில் நான் ஐந்தாறு மணிநேரம் இருந்திருக்கிறேன்.

1984ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாக, கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். நாங்கள் நான்கு பேர். எனக்கு 22 வயது. அந்தக் காலத்தில் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வந்த வழி அதுதான். கிழக்கு ஜேர்மனி கடந்து செல்லும் அனுமதி தரும். ரயிலேறி பிரீட்ரிக்ஸ்ட்ராஸ நிலையத்துக்குப் போய், எல்லைச் சாவடியைத் தாண்டி, மேற்கு பேர்லினுக்குள் நுழைந்துவிடலாம். நகரைப் பிரித்த அந்தக் கோட்டினை மேற்குத் தரப்பு ஒரு நாட்டெல்லையாக ஏற்றுக்கொள்ளாததால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. அடுத்த ஆண்டே அந்த வாசல் நம்மவருக்கு அடைபட்டது. 1985இல் இரண்டு ஜேர்மனிகளும் பேசி முடித்தார்கள். கிழக்குக்கு மேற்கு கொடுத்துவந்த வட்டியில்லாக் கடனின் வரம்பு 600 மில்லியன் மார்க்கிலிருந்து 850 மில்லியனாக உயர்ந்தது. விசா இல்லாத இலங்கைத் தமிழர்களைக் கிழக்கு இனி விடுவதில்லை என்றாயிற்று. நான் எட்டு மாதம் முந்திக்கொண்டவன்.

விமான நிலையத்தில் சாம்பல் நிறச் சீருடை அணிந்த ஓர் இளைஞன் என் பையைத் திறந்தான். என் வயதுதான் இருக்கும். அம்மா கட்டித் தந்த மிளகாய்த்தூள் பொட்டலத்தை அவிழ்த்து, விரல் நுனியால் தொட்டு, முகர்ந்து பார்த்து, மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தான். அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. பிறகு ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு எடுக்க அந்த நாட்டுக் காசு எங்களிடம் இல்லை. தலையில் துணி கட்டிய ஒரு முதிய பெண் எங்களைப் பார்த்தார். தன் கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ணி எங்களுக்காகப் போட்டார். மிஞ்சிய ஒரு காசை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டுப் போய்விட்டார். ஐந்து பெனிக்; நூறு பெனிக் சேர்ந்தால் ஒரு மார்க். அலுமினியக் காசு, கையில் வைத்தால் கனமே தெரியாது. நாற்பது ஆண்டுகளாக அது என்னிடம் இருந்தது.

மேற்கே, ரூர் ஆற்றுப் பக்கத்து ஊரொன்றில் வேலை, பிள்ளைகள், வீடு என்று காலம் ஓடிவிட்டது. கிழக்குப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. சென்ற இலையுதிர்காலத்தில் மகள் பேர்லினில் வேலைக்குச் சேர்ந்தபோதுதான் போனேன்.

அருங்காட்சியகம் ஸ்பிரே ஆற்றங்கரையில், பேர்லின் பேராலயத்துக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. நான் அன்று எல்லை கடந்த நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 2006ஆம் ஆண்டு ஜூலையில் தனியார் முயற்சியாகத் திறந்தது. அதே ஆண்டில்தான், கூப்பிடு தூரத்தில், அந்த நாட்டின் நாடாளுமன்றம் கூடிய குடியரசு மாளிகையை இடிக்கத் தொடங்கினார்கள். இன்று அந்த மாளிகை நின்ற இடத்தில் பழைய அரசர்களின் அரண்மனை முகப்பு மறுபடி எழுந்து நிற்கிறது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பக்கத்துக் கட்டடத்தில் இருந்த பிரமாண்டமான மீன்தொட்டி உடைந்து, பத்து இலட்சம் லீற்றர் தண்ணீர் பெருக்கெடுத்தது. அந்த வெள்ளம் அருங்காட்சியகத்துக்குள்ளும் புகுந்து, அடுத்த வசந்தம் வரை அதை மூடி வைத்திருந்தார்கள். ஒரு முறை தங்கள் நாட்டையே இழந்த பொருள்கள் அவை. மறுபடியும் தண்ணீரிலிருந்து அவற்றைத் தூக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

உள்ளே 'தொடாதீர்கள்' என்ற அறிவிப்பைத் தேட வேண்டாம். எல்லாவற்றையும் தொட்டு, இழுத்து, திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். இழுப்பறை, நம் யாழ்ப்பாணத்து வழக்கில் லாச்சி, திரும்பிய பக்கமெல்லாம் லாச்சிகள். ஒன்றில் பள்ளிப் பிள்ளையின் கழுத்துத் துணி, இன்னொன்றில் கோப்பி பொட்டலம், மற்றொன்றில் பற்பசை.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ட்ராபண்ட் கார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினால் கண்ணாடியில் கொங்கிரீட் குடியிருப்புத் தெருக்கள் ஓடத் தொடங்கும். சுக்கானைப் பிடித்து ஓட்டலாம். இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்குகிறார்கள். அந்தக் காரின் உடல் தகரம் அல்ல. பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. சுவிக்காவ் நகரத் தொழிற்சாலையில் 1957 தொடங்கி 1991 வரை ஏறத்தாழ முப்பது இலட்சம் வண்டிகள் செய்தார்கள். அப்படியும் பதிவு செய்தவர் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். பிள்ளைக்குப் பதினெட்டு வயதானவுடனேயே அதன் பெயரில் காருக்குப் பதிந்து வைத்த குடும்பங்கள் உண்டு. மாடல் ஏறக்குறைய மாறாததால், பழைய வண்டியை வைத்திருந்தவர்களே அதைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் ஆனார்கள்.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது கார் அல்ல, வீடு. கொங்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்து, பாரந்தூக்கியால் அடுக்கிக் கட்டிய அடுக்குமாடி வீடுகள் அவர்களுடையவை. அப்படி ஒரு வீட்டை அப்படியே உள்ளே அமைத்திருக்கிறார்கள். வரவேற்பறை, சமையலறை, பிள்ளைகளின் அறை, படுக்கையறை, குளியலறை. சுவர் முழுவதையும் அடைத்த அலமாரி, அதில் கண்ணாடிக் கோப்பைகள், தொலைக்காட்சிப் பெட்டி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த வீடுகள் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. உள்ளே குடிவந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். நிலக்கரியைச் சுமந்து அடுப்பெரித்து, மாடிப்படியோரத்துக் கழிப்பறையை அயலாரோடு பங்கிட்டு வாழ்ந்தவர்களுக்குக் குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. வாடகை ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மார்க்கை ஒட்டித்தான். 1990க்குள் வீட்டுப் பிரச்சினையே இருக்காது என்று 1973இல் அரசு உறுதி சொன்னது. புதிய வீடுகள் எழுந்தன; பழைய நகரங்களின் கூரைகள் ஒழுகிக்கொண்டே இருந்தன. 1990 முடிந்தபோது அந்த நாடே இருக்கவில்லை.

சமையலறையில் ஒரு பாட்டியும் பேத்தியும் நின்றார்கள். பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். லாச்சியை இழுத்து, கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விலகி நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "வாருங்கள், இதெல்லாம் என் வீட்டில் இருந்தவைதான்" என்றார். பிறகு மூவரும் சேர்ந்து பார்த்தோம்.

அவர் சொன்னவை புத்தகத்தில் அகப்படாதவை. அவருடைய தாயார் நாள் முழுவதும் டெடெரோன் மேலங்கிதான் அணிந்திருப்பாராம். டே, டே, எர் என்ற நாட்டுப் பெயரின் மூன்றெழுத்தோடு 'ஓன்' சேர்த்து நைலோனுக்கு அவர்கள் வைத்த பெயர் டெடெரோன். துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும். கோடையில் உடம்போடு ஒட்டி வேகவைக்கும். அந்த மேலங்கியின் பையில் எப்போதும் மடித்த கடைப்பை ஒன்று இருக்கும். எந்தத் தெருவில் எப்போது வாழைப்பழம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுவிட வேண்டும், என்ன கிடைக்கிறது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

நல்ல சரக்குக்கு அவர்கள் வைத்த ஒரு பெயரையும் சொன்னார். தமிழில் சொன்னால் 'குனிந்தெடுக்கும் சாமான்'. கடைக்காரர் தெரிந்தவர்களுக்கு மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து எடுத்துக் கொடுப்பது. எழுபதுகளில் யாழ்ப்பாணத்துச் சங்கக்கடையில் பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற எனக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மேசையின் உயரம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

கோப்பியைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உயர்ந்தது. 1976, 77இல் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறியபோது அரசு ஒரு கலவையை இறக்கியது. அதில் கோப்பி 51 சதவீதம். மீதி பட்டாணி, தானியம் என்று வறுத்துச் சேர்த்தவை. நாட்டு மக்கள் கொதித்துப் போனார்கள். அங்கே தேர்தலால் எதையும் மாற்ற முடியாது. ஆனால் அரசுக்கு முறைப்பாடு எழுதலாம், அதற்குப் பதில் தரவேண்டிய கடமை சட்டப்படி இருந்தது. கோப்பிக்காக ஆயிரக்கணக்கில் கடிதங்கள் போயின. பேர்லின் சுவரைப் பற்றி எழுத முடியாத மக்கள் கோப்பியைப் பற்றி எழுதினார்கள். கலவையைத் திரும்பப் பெற்றார்கள்.

தாய்மாரில் பெரும்பாலானோர் வேலைக்குப் போன நாடு அது. வீட்டு வேலைக்கென்று மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தார்கள். பிள்ளைக் காப்பகம் பெரும்பாலானோருக்கு இருந்தது. அங்கே பிள்ளைகளை ஒரு நீண்ட வாங்கில் வரிசையாக உட்காரவைத்து மலங்கழிக்கப் பழக்குவார்களாம். கடைசிப் பிள்ளை முடிக்கும்வரை முதற் பிள்ளையும் எழும்பக் கூடாது. பேத்தி நம்பவில்லை. பாட்டி தோளைக் குலுக்கி, "நான் காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். உன் அம்மாவை அங்கே கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்" என்றார். அவருக்கு அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நான் அவர்களை விட்டு நகர்ந்தேன். அடுத்த பகுதி ஸ்டாசி, அதாவது அந்த நாட்டின் இரகசியப் பொலிசாக இருந்த அரச பாதுகாப்பு அமைச்சு. அதன் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1989இல் முழுநேர ஊழியர்கள் ஏறத்தாழ 91,000 பேர், இரகசியமாகத் தகவல் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 189,000 பேர். நாட்டின் மக்கள் தொகையோ ஒரு கோடியே அறுபது இலட்சத்தைச் சற்றுத் தாண்டியது. அவர்கள் எழுதி வைத்த கோப்புகளை வரிசையாக நிறுத்தினால் நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும். 1992 முதல், தன்னைப் பற்றிய கோப்பைத் தானே வாசிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் கிடைத்தது. வாசித்தவர்களில் சிலர், தகவல் கொடுத்தது தங்கள் நண்பன், தங்கள் கணவன் என்று அறிந்துகொண்டார்கள்.

அங்கே ஒட்டுக்கேட்பவரின் மேசை ஒன்று இருக்கிறது. காதுப்பொறியை எடுத்து மாட்டினேன். முதலில் இரைச்சல். பிறகு ஒரு குரல். பதிந்து வைத்த பழைய குரலாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். ஒரு பெண் யாருக்கோ, தன் தம்பி 1961இல் மேற்கே இருந்த அத்தையைப் பார்க்கப் போனதையும், அந்த வாரம் சுவர் எழும்பியதையும், தாயார் அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு தட்டு கூடுதலாக வைத்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். மெல்லிய குரல்; பிள்ளைக்குச் சொல்லும் குரல். சற்றுமுன் என்னோடு சமையலறையில் நின்ற பாட்டிதான் அது என்று புரிய எனக்குச் சில விநாடிகள் பிடித்தன. வரவேற்பறையில் ஒலிவாங்கி மறைத்து வைத்திருக்கிறார்கள்.

காதுப்பொறியைக் கழற்றி வைத்தேன். கை நடுங்கியது. என்னிடம் அவர் கரண்டிகளைப் பற்றிச் சொன்னார், கோப்பியைப் பற்றிச் சொன்னார். தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை. அதைப் பேத்திக்கு மட்டும் சொல்ல நினைத்திருக்கிறார். நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த அருங்காட்சியகத்தின் மீது ஒரு குறை சொல்வார்கள்: எல்லாவற்றையும் விளையாட்டாக்கிவிட்டது, கார் ஓட்டிச் சிரித்துவிட்டு மக்கள் வெளியே போய்விடுகிறார்கள் என்று. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. இடம் சிறியது, கூட்டம் பெரியது. விசாரணை அறைக்குள்ளும் சிறைக் கூண்டுக்குள்ளும் படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. சிறையின் கனம் தெரிய வேண்டுமானால் ஸ்டாசியின் பழைய சிறையான ஹோகன்ஷோன்ஹவுசனுக்குப் போக வேண்டும். அங்கே முன்னாள் கைதிகளும் வழிகாட்டிகளாக வந்து தாங்கள் இருந்த அறைகளைக் காட்டுகிறார்கள். ஆனால் வரவேற்பறையையும் அந்த ஒலிவாங்கியையும் ஒரே கம்பியால் இணைத்துவைத்த செயலுக்காக இவர்களை நான் மதிக்கிறேன். அந்த அலமாரியும் கோப்பைகளும் கிறிஸ்துமஸ் தட்டும் உண்மை. அதே அறையின் சுவருக்குள் இருந்த காதும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை மறைக்க அந்த வீடு இடங்கொடுக்கவில்லை.

வெளியே வரும் வழியில் அவர்களைக் காத்திருந்து சந்தித்தேன். "உங்கள் தம்பியைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டுவிட்டேன், மன்னியுங்கள்" என்றேன். அவர் சற்றுநேரம் பேசாமல் நின்றார். "அங்கே ஒலிவாங்கி இருக்கும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் அந்த வழக்கத்தை மறந்துவிட்டேன். மறந்தது நல்லதுதான்" என்றார். பிறகு, "நீங்கள் அப்போது இங்கே இருந்தீர்களா?" என்று கேட்டார்.

ஷோனபெல்ட்டையும் ரயிலையும் அந்தத் தலைத்துணிப் பெண்ணையும் பற்றிச் சொன்னேன். பணப்பையிலிருந்து காசை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைப் பெருவிரலால் தடவினார். எல்லாச் சில்லறையும் அலுமினியமாக இருந்தது, இருபது பெனிக் மட்டும் பித்தளை, பொதுத் தொலைபேசிக்குக் கனமான காசு வேண்டியிருந்தது என்றார். பேத்தி எட்டிப் பார்த்து, இதற்கு என்ன வாங்கலாம் என்று கேட்டாள்.

"ஒரு பணிஸ்" என்றார் பாட்டி. "நான் பள்ளிக்குப் போனபோதும் ஐந்து பெனிக். உன் அம்மா பள்ளிக்குப் போனபோதும் ஐந்து பெனிக்."

காசை அவர் திருப்பித் தந்தார். நான் அதைப் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வணக்கம்.