சமையற்காரரும் சிப்பாயும்

அவைத்தலைவர் அவர்களே, நண்பர்களே,

ஐந்து மணிக்கு என்று அச்சடித்த கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கியிருக்கிறது. நியூஜெர்சிக்கு வந்தாலும் நாம் நாமாகத்தான் இருக்கிறோம். அதனால் முன்னுரையை விட்டுவிட்டு நேராக, அமெரிக்காவில் பிறந்தாலே குடியுரிமை உண்டா என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

2025 பிப்ரவரி முதல் வாரத்தில் எடிசன் என்ற ஊரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் மாதம். ஐந்து வகைச் சோறு, கை நிறைய வளையல், ஒரு குறையும் இல்லை. பந்தியில் என் பக்கத்தில் இருந்த பெரியவர், குடியுரிமை வாங்கி இருபது ஆண்டானவர், சத்தமாகச் சொன்னார்: "நாம் வரிசையில் நின்று வந்தவர்கள். வேலி தாண்டி வந்தவர்களுக்குத்தான் இந்த உத்தரவு. நமக்கென்ன?" பெண்ணின் கணவர் புளியோதரைப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் இருப்பது எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில். மனைவி அவரைச் சார்ந்த விசாவில். உத்தரவை வரிவரியாகப் படித்தவர் அந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான் என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட உத்தரவு அது. தாய் சட்டவிரோதமாக இருந்தால் மட்டும் என்று அது நிற்கவில்லை. தாய் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ முறைப்படியே இருந்தாலும், தந்தை குடிமகனாகவோ கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமை, உள்ளவராகவோ இல்லையென்றால், இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்றது. முப்பது நாள் கெடு. பிப்ரவரி 19-க்குப் பிறகு பிறந்தால் போயிற்று. கெடுவுக்கு முன்பே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துவிட முடியுமா என்று இந்தியப் பெண்கள் மருத்துவர்களைக் கேட்பதாகச் செய்தி வந்தது இந்த மாநிலத்திலிருந்துதான்.

மூன்றே நாளில் சியாட்டில் நீதிபதி ஜான் கஃப்னவர் உத்தரவை நிறுத்திவைத்தார். டிரம்பின் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் ரீகன் நியமித்த நீதிபதி அவர். வெளிப்படையாக அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்றார். எதை வைத்துச் சொன்னார்? இங்கே பிறந்தவர்கள் குடிமக்கள் என்று சொல்லும் 1868-ஆம் ஆண்டின் பதினான்காவது அரசமைப்புத் திருத்தத்தையும் ஒரு சமையற்காரரின் வழக்கையும் வைத்து.

வோங் கிம் ஆர்க் சான் பிரான்சிஸ்கோ சீனர் தெருவில் பிறந்தவர். சமையல் வேலை. சீனாவுக்குப் போய்விட்டு 1895 ஆகஸ்டில் கோப்டிக் என்ற கப்பலில் திரும்பினார். நீ சீனன், இறங்காதே என்றார்கள். 1882-இலிருந்து சீனத் தொழிலாளர் உள்ளே வரத் தடை. பிறந்த ஊர் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, கால் வைக்க முடியாது. வந்த கப்பல் புறப்படும் நாள் வந்தால் அவரை வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். இப்படி மாதக்கணக்கில் கடலிலேயே கிடந்தார். சீனர் சங்கங்கள் பணம் திரட்டி வழக்கு நடத்தின. பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகள், ஆகவே பிள்ளையும் அவர் குடியே என்றது அரசு. 1898 மார்ச் 28 அன்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒதுக்கியது: இங்கே பிறந்தவன் இந்நாட்டுக் குடிமகன். எதிர்த்த இருவரில் ஒருவர் ஜான் ஹார்லன். கறுப்பர்களைத் தனி ரயில் பெட்டியில் ஏற்றும் சட்டத்தை இரண்டு ஆண்டுக்கு முன் தனி ஆளாக எதிர்த்த அதே ஹார்லன். பெரிய மனிதர்களுக்கும் ஒரு கண் மங்கலாக இருக்கும்போலும்.

இன்றைய அரசுத் தரப்பு சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். வோங்கின் பெற்றோர் நிரந்தரமாக இங்கே குடியிருந்தவர்கள், நீங்கள் தற்காலிகமாக வந்தவர்கள் என்கிறார்கள். தற்காலிகம்! வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று விதி போட்டு, பிள்ளை கல்லூரிக்குப் போகும் வயது வரை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, பிறகு தற்காலிகம் என்றால் என்ன செய்வது?

இந்தியாவிலும்தான் இப்போது பிறப்பால் மட்டும் குடியுரிமை இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். 1987-இலும் பிறகு 2004-இலும் அது இறுக்கப்பட்டது. ஆனால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திச் செய்தது. அரசமைப்புச் சட்டத்தில் எழுதியதை ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் பேனாவால் அடித்துவிடலாமா என்பதுதான் இங்கே வழக்கு.

இனி சிப்பாய். பந்தியில் பேசிய பெரியவருக்காகவே இதைத் தேடிப் படித்தேன்.

பகத் சிங் திண்ட், அமிர்தசரஸ் பக்கத்துச் சீக்கியர். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்தவர். அன்று குடியுரிமை வாங்கும் தகுதி வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டும். அந்த விதி அநியாயம் என்று திண்ட் தரப்பு வாதிடவில்லை. நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதிட்டது. நீங்கள் கறுப்பரை எப்படி விலக்குகிறீர்களோ அப்படித்தான் நாங்களும் எங்கள் நாட்டுப் பூர்வகுடிகளைத் திருமண உறவில் விலக்குகிறோம் என்றுகூட எழுதிக்கொடுத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கூசியது.

1923 பிப்ரவரி 19. ஆமாம், டிரம்ப் உத்தரவின் கெடு விழுந்த அதே தேதி. திண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லண்ட் இங்கிலாந்தில் பிறந்து இங்கே வந்தவர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஜப்பானியர் வழக்கில், வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர் என்று எழுதியவரும் அவரே. இப்போது அன்றைய இனநூல் கணக்கில் காக்கேசியனான திண்ட் வந்து நின்றதும், சாதாரண மனிதன் பார்வையில் நீ வெள்ளையன் இல்லை என்றார். அதோடு விட்டாரா? படையெடுத்து வந்த ஆரியர் கறுத்த திராவிடரோடு கலந்துவிட்டார்கள் என்றும், கலப்பைத் தடுக்க வந்த சாதிக் கட்டுப்பாடு முழுமையாகப் பலிக்கவில்லை போலிருக்கிறது என்றும் எழுதிவைத்தார். நம் பெயரும் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறிவிட்டது, இந்த வகையில்! ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரும் அதன்பின் அதை இழந்தார்கள்.

நான் மற்றவரைப்போல இல்லை என்று சொல்லிப் போனவர் தோற்றார். பிறந்த மண்ணைக் காட்டியவர் ஜெயித்தார். ஜெயித்த வோங்கையும் 1901-இல் டெக்சாஸின் எல் பாசோவில் பிடித்தார்கள் என்பது வேறு கதை. மறுபடியும் காகிதம், மறுபடியும் சாட்சி.

அந்த எடிசன் குழந்தை மார்ச்சில் பிறந்தது. பெண். நீதிமன்றத் தடை இருந்ததால் பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் சிக்கலில்லாமல் வந்தன. பார்க்கப் போனேன். பெயர் சூட்டும் நாள்கூட முடிவாகவில்லை, ஆனால் தகப்பனார் சான்றிதழில் ஆறு பிரதி வாங்கி வைத்திருந்தார். வங்கிப் பெட்டகத்தில் ஒன்று, கோவையில் மாமனார் பீரோவில் ஒன்று. மீதி நான்கை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டார்.